பன்னிரண்டு வால்வுகளின் பாக்கி

ஆம்பூர் தேவானந்தம், வாணியம்பாடி நசீர் அகமதுவுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கடன். பன்னிரண்டு ரேடியோ வால்வு, ஒன்று நூற்றைம்பது வீதம்.

அதைத் தவிர அவர் யாருக்கும் ஒரு நயா பைசா பாக்கி வைத்தது கிடையாது. இதை அவர் வாயால் கேட்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பன்னிரண்டு வயதில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் இழுக்கப் போனார். முப்பது வயதில் அதே டேனரியில் செலெக்டர். ஐம்பதுக்கு மேல் சொந்தக் கம்பெனி, எட்டு மிஷின், முப்பது பெண்கள், ஷூவுக்கு உள்தோல் தைக்கும் வேலை. ஆம்பூரின் பெத்லகேம் பகுதியில் இரண்டு மாடி வீடு. அதில் ஒரு செங்கல்கூட பேங்க் லோனில் வந்ததில்லை.

செலெக்டர் என்றால் லேசான வேலை இல்லை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேசை மேல் தோலை விரித்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவி, ஏ, பி, சி என்று பிரிக்க வேண்டும். உண்ணிக் கடி, கொம்புக் கீறல், கத்தி வெட்டு, சூட்டுக் குறி எல்லாம் ஒரு நொடியில் பிடிபட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு தோல். ஒரு எழுத்து மாறிப் போனால் முதலாளிக்கு லட்சக்கணக்கில் அடி. அந்தக் காலத்தில் ஆம்பூரில் பேர் சொல்லும்படி செலெக்டர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் தேவானந்தத்திடம் தொழில் படித்தவர்கள். மூன்றாவது ஆள் தேவானந்தம்.

அவருக்கு இருந்த ஒரே செலவாளிப் பழக்கம் பாட்டு கேட்பது. எண்பத்து நாலில் காட்பாடியில் ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து, மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி, ஒரு வால்வு ஆம்ப்ளிபையர் கட்ட வைத்தார். பின்வரிசையில் நாலு பெரிய வால்வு, முன்வரிசையில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று விரல் அளவில் இரண்டு சின்ன வால்வு. ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் டேனரியில் கழித்துப் போட்ட மர டிரம்மின் பலகையில் அவரே செய்தார். இன்றைக்கும் மழை பெய்தால் அந்தப் பெட்டிகளிலிருந்து தோல் வாசனை வரும்.

கடன் வந்த கதை இதுதான்.

நசீர் அகமது பச்சைத் தோல் வியாபாரி, டேனரிகளுக்குப் பதனிடாத தோல் விற்பவர். தேவானந்தத்தைவிட நாலு வயது பெரியவர். சென்னையில் ஒரு ரேடியோ கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சோப்புப் பெட்டி நிறைய சின்ன வால்வுகளை வாங்கிக்கொண்டு நேரே டேனரிக்கு வந்தார்.

"உன் டப்பாவுக்கு ஸ்பேர் வேணும்னு சொன்னியே. பன்னெண்டு இருக்குது. பசந்துக்கு வெச்சிக்கோ."

பசந்துக்கு வைப்பது தோல்காரர்களின் பழக்கம். சரக்கு முதலில் வாங்குகிறவன் மேசைக்குப் போகும். பார்த்துப் பிடித்தால் பணம், பிடிக்காதது திரும்பும். கையெழுத்தும் கிடையாது, தேதியும் கிடையாது.

தேவானந்தம் பன்னிரண்டையும் செலெக்ஷன் மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்பது வால்வுகளில் கண்ணாடியின் உச்சியில், உள்பக்கமாக, கரி பூசின மாதிரி பளபளவென்று ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. மூன்றில் அது இல்லை. அவற்றின் உச்சி பால் மாதிரி வெளுத்து, சுத்தமாக இருந்தது.

"மூணு ஏ. ஒம்போது சி," என்றார்.

"இன்னாய்யா, கண்ணாலயே பாத்து முடிச்சிட்டியா?"

"கறை இருக்குது பாய். கறை இருந்தா சி. ஏ நூத்தம்பது, சி அம்பது. ஆக மொத்தம் தொள்ளாயிரம். இந்தா."

"தோலா இது, கறை பாக்கறதுக்கு? காதால கேக்கற சரக்குய்யா. போட்டுக் கேளு. கேட்டுட்டு காசு குடு. பன்னெண்டும் ஆயிரத்தெண்ணூறு. ஒரு பைசா கம்மி கிடையாது."

"கேட்டுட்டே தர்றேன்."

கேட்கவில்லை. ஆம்ப்ளிபையர் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, அதை எதற்குக் கழற்ற வேண்டும்? மனைவி ஜெபகனி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒவ்வொரு வால்வையும் காயத்துக்குச் சுற்றும் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் ஏ, சி என்று எழுதி பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தாள். பெட்டி அங்கேயே இருந்தது. கடனும் இருந்தது. ஆயிரத்தெண்ணூறு கொடுத்தால் செலெக்டர் தப்பாகப் பிரித்தார் என்று ஆகும். தொள்ளாயிரம் வாங்கினால் நசீர் சி கிரேடு சரக்கு விற்றார் என்று ஆகும். இரண்டு பேருக்கும் அது முடியாது.

அப்புறம் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் நசீர் அவரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார்.

"இவர் யார் தெரியுமா? ஆம்பூர்லயே பெரிய செலெக்டர். எனக்கு ஆயிரத்தெண்ணூறு ரூபா தரணும்."

"சி கிரேடு சரக்குக்கு ஏ கிரேடு காசு கேக்கறாரு. இதுல ஹஜ்ஜுக்கு வேற போய்ட்டு வந்துட்டாரு," என்பார் தேவானந்தம்.

எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன் தேவானந்தத்தின் விரல்கள் செத்துப்போயின. சர்க்கரை. எந்த நேரமும் ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டு தொடுவது மாதிரி இருந்தது. முதலில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் ஏ என்று பாஸ் பண்ணி அனுப்பிய லாட் முழுக்க உண்ணிக் கடி என்று திரும்பி வந்தது. அதே மாதம் கம்பெனியை விற்றார். "சம்பாதிச்சது போதும், இனிமே எவனுக்கு?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். நிஜம் தெரிந்தவள் ஜெபகனி ஒருத்திதான். ஒரு நாள் அவரை ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, கையில் குண்டூசியோடு உட்கார்ந்தாள்.

"குத்தறேன். தெரியுதாங்க?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுதுடி. சுருக்குனு இருக்குது."

"நான் இன்னும் குத்தவே இல்லீங்க."

போன பிப்ரவரியில் ஜெபகனி இறந்துபோனாள். காலையில் காபி போட எழுந்தவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். அடக்கத்துக்கு ஊரே வந்தது. தேவானந்தம் அழவில்லை. சவப்பெட்டியின் மூடியில் இரண்டு இடத்தில் வார்னிஷ் சரியாக ஏறவில்லை என்பதைப் பார்த்தார். அந்த நாளைப் பற்றி அவருக்கு ஞாபகமிருப்பது அந்த இரண்டு இடம்தான். மகள் ஹெப்சி பத்து நாள் இருந்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பிப் போனாள். தினமும் சாயந்திரம் போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன், போட்டேன் என்பார். இரண்டும் உண்மைதான். சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேட்டால் மட்டும் அவருக்குத் தெரியாது.

பாட்டு மட்டும் விடவில்லை. காலை பத்து மணிக்கு நாகசுர ரெக்கார்டு ஒன்றைப் போடுவார். அதில் ஒரு இடத்தில் வாத்தியம் சட்டென்று உச்சிக்கு ஏறும். நாற்பது வருஷமாக அந்த இடம் வந்ததும் அடுப்படியிலிருந்து, "கம்மி பண்ணுங்க, பக்கத்து வீட்ல கொழந்தை தூங்குது" என்று குரல் வரும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கே இப்போது இரண்டு குழந்தைகள். இப்போதும் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே அவர் கை தானாகப் போய் சத்தத்தைக் குறைத்தது. குறைத்துவிட்டு, மீண்டும் ஏற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் இடப்பக்க ஸ்பீக்கர் கரகரத்தது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் சொட்டுவது மாதிரி சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை.

தேவானந்தம் முதலில் தன் இடது காதைத்தான் சந்தேகப்பட்டார். விரல் போய்விட்டது, இப்போது காது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதால் கேட்டுப் பார்த்தார். கோளாறு பெட்டியில்தான். அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் பீரோவின் கீழ்த்தட்டு ஞாபகம் வந்தது.

முதலில் ஏ என்று எழுதிய மூன்றையும் எடுத்தார். ஸ்விட்சை அணைத்துவிட்டு இடப்பக்க வால்வைப் பிடுங்கி, புதிதை அதன் ஒன்பது காலும் ஓட்டைக்கு நேராக வரும்படி பார்த்துப் பார்த்துச் சொருகினார். ஸ்விட்சைப் போட்டார். காத்திருந்தார். சத்தமில்லை. இரண்டாவதைப் போட்டார். அதுவும் இல்லை. மூன்றாவதும் ஊமை. வலப்பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த வால்வைப் பிடுங்கி, அந்த இடத்திலும் மூன்றையும் போட்டுப் பார்த்தார். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனபோது, வலது கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் வெள்ளையாக இரண்டு கொப்புளம் எழும்பியிருந்ததைப் பார்த்தார். வலப்பக்க வால்வைச் சூடு ஆறாமல் பிடுங்கியிருக்கிறார். அது சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. ஜெபகனி வைத்துவிட்டுப் போன பிளாஸ்திரியில் இரண்டு துண்டு கிழித்து ஒட்டிக்கொண்டார்.

மறுநாள் முஸம்மிலை வரச்சொன்னார். முஸம்மிலுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், பஜாரில் இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை. ஆம்பூரில் வால்வு தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். ஒரு சங்கடம், அவன் நசீர் அகமதுவின் தங்கை மகன். இங்கே சொல்வது சாயந்திரத்துக்குள் வாணியம்பாடிக்குப் போய்விடும்.

முஸம்மில் மூன்று ஏ வால்வுகளையும் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டான். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"சார், இது மூணும் செத்துப்போச்சு. இப்ப இல்ல, எப்பவோ."

"எப்டி சொல்ற? எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு."

"அதான் சார் கோளாறே. உள்ள காத்து இருக்கக் கூடாது. அதுக்குத்தான் உச்சில அந்தக் கறுப்பு மருந்து பூசறான். கண்ணாடில பொட்டு விரிசல் விட்டு காத்து பூந்துச்சுன்னா கறுப்பு வெளுத்துப்புடும். கறுப்பா இருந்தா உயிர் இருக்குது. வெள்ளையா இருந்தா மய்யத்து." சி என்று எழுதிய துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். "இது ஒம்போதும் ஜோரான சரக்கு சார். இன்னிக்கு வெளில ஒண்ணு மூவாயிரம் போகும். யாரு இதுல சி-னு எழுதினது?"

தேவானந்தம் ஒரு துணியை எடுத்து அந்த எழுத்தைப் பார்த்தார். கறையைக் கண்டால் கழிப்பது, வெளுப்பைக் கண்டால் தூக்கி மேலே வைப்பது. ஐம்பது வருஷம் தோல் பார்த்த கண் அதைத்தான் செய்யும். அவமானமாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"உங்க மாமுகிட்ட சொல்லிடுவியே."

"அல்லா சத்தியமா சொல்ல மாட்டேன் சார்," என்றான் முஸம்மில். கண்டிப்பாகச் சொல்லிவிடுவான் என்று இருவருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஒன்பது நாள். நாளுக்கு ஒரு வால்வு. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்திரியில் நம்பர் போட்டு, இடப்பக்கத்தில் சொருகி, வலப்பக்க ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அதே நாகசுர ரெக்கார்டைக் கேட்டார். பழைய செலெக்ஷன் நோட்டில் நம்பருக்கு எதிரே எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வால்வுக்கும் இன்னொரு வால்வுக்கும் வித்தியாசம் உண்டு என்று அந்தக் காட்பாடி மெக்கானிக் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். ஒன்று தேன் மாதிரி இருக்கும், ஒன்று கத்தி மாதிரி இருக்கும் என்பான். அந்தக் காலத்தில் தேவானந்தத்துக்கே அது கேட்டிருக்கிறது. அவன் இரண்டை மாற்றிப் போட்டுக் காட்டியபோது, கண்ணை மூடிக்கொண்டு இதுதான் நல்லது என்று சொன்னவர் அவர். அப்போது கையில் இருந்த சில்லறையை எல்லாம் அவனுக்குக் கொடுத்தார்.

இப்போது ஒன்பதும் ஒன்றாகவே இருந்தது. நாகசுரம் ஏறியது, இறங்கியது. நல்லதாக ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பத்தாம் நாள் நோட்டைப் பார்த்தால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் இருந்தது, எதிரே ஒரு எழுத்துகூட இல்லை.

அவர் எழுதாமல் விட்ட முதல் பக்கம் அது. வால்வுகள் ஒரே தரமா, இல்லை கேட்கிற ஆளே போய்விட்டாரா? கேள்வி அதுதான். விரல் போனபோதுகூட, காது இருக்கிறது, இன்னும் நான் செலெக்டர்தான் என்று ஒரு பிடி இருந்தது. அதுவும் இல்லையென்றால் பெத்லகேமில் இரண்டு மாடி வீட்டில் உட்கார்ந்து மாத்திரை போடும் ஒரு ஆள். அவ்வளவுதான்.

செலெக்டர்களுக்குள் சந்தேகம் வந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு பேர் ஒரே லாட்டைத் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் தோலின் சதைப்பக்கத்தில் சாக்பீஸால் எழுதுவார்கள். கடைசியில் திருப்பிப் பார்ப்பார்கள். தேவானந்தம் போனை எடுத்து வாணியம்பாடிக்குப் போட்டார்.

"பாய், வால்வைப் போட்டுக் கேட்டுட்டேன்."

"யா அல்லா. இருவத்தாறு வருஷம். பில் எடுத்துட்டு வரட்டுமா?"

"காதை எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை, நான் சர்ச்சிலேர்ந்து வந்தப்பறம்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நசீர் அகமது வந்து இறங்கினார். ஆள் மெலிந்திருந்தார். கையில் ஒரு பை வெள்ளரிக்காய். "சுகர்காரனுக்கு வேற இன்னா வாங்கிட்டு வர்றது?" உள்ளே வந்ததும் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே முஸம்மில் ஸ்குரூடிரைவரோடு வந்தான்.

இரண்டு நாற்காலிகளை ஆம்ப்ளிபையருக்கு முதுகைக் காட்டிப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டுத் தோல், ஒரு சாக்பீஸ். வால்வை மாற்றுவது முஸம்மில் வேலை. எந்த நம்பர் என்று சொல்லக் கூடாது, தன் பேப்பரில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது தடவை.

"பாய், ஒரு விஷயம்." தேவானந்தம் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஒம்போது நாளா கேக்கறேன். எல்லாம் ஒண்ணாவே இருக்குது. நல்லா இருக்குதானு பாக்கறேன், நல்லா இருக்கறதே தெரியல."

நசீர் திரும்பி அவரைப் பார்த்தார். "நல்லதா? நீ என்னிக்குய்யா நல்லதத் தேடின? நாப்பது வருஷம் என் தோலு உன் மேசைக்கு வந்துச்சு. ஒரு நாளாவது, ஆகா, இன்னா தோலுனு வாயத் தொறந்து சொல்லியிருக்கியா? உண்ணிக் கடி, கீறல், வெட்டு, கம்மி பண்ணு. இத வுட்டா உனக்கு வேற இன்னா தெரியும்? அந்த வேலையப் பாரு."

முஸம்மில் முதல் வால்வைச் சொருகினான். சூடு ஏறுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். நாகசுரம் கிளம்பியது.

தேவானந்தம் நல்லதைத் தேடவில்லை. கண்ணை மூடி, மேசை மேல் தோல் விரித்திருப்பதாக வைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் கறையைத் தேடினார். இல்லை. ஏ என்று எழுதினார்.

இரண்டாவது தடவை, உச்சி இடம் முடிந்து வாத்தியம் மூச்சு வாங்கியபோது, எவர்சில்வர் டம்ளரைச் சுண்டின மாதிரி மெல்லிசாக ஒரு ரீங்காரம் அந்த இடைவெளியில் தங்கியிருந்தது. ஒரு நொடிகூட இருக்காது. சி.

அவர் வேகம் பிடித்தார். எழுதுவதற்குச் சாக்பீஸை இறுக்கிப் பிடித்ததில் அது இரண்டாக உடைந்தது. உடைந்தது விரலுக்குத் தெரியவில்லை, கீழே விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. மூன்று, நாலு, ஏ. அஞ்சாவதில் மறுபடியும் அந்த டம்ளர். ஆறாவதில் அடியில் லேசான இரைச்சல், பி. ஒன்பதாவதில் மூன்றாம் முறையாக டம்ளர். ஒரு தடவைகூட அவர் கை சத்தத்தைக் குறைக்கப் போகவில்லை. ஆம்ப்ளிபையர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

"திருப்புங்க மாமு," என்றான் முஸம்மில்.

நசீரின் தோலில் ஒன்பது ஏ வரிசையாக இருந்தது.

"இன்னா பாய் இது?"

"என் சரக்குய்யா. நான் சி-யா போடுவேன்?" நசீர் சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்பறம், பாட்டு கெளம்பினதும், பேட்டரி தீந்துடும்னு இதக் கழட்டி வெச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ எழுதற வேகத்தப் பாத்துனு இருந்தேன்."

தேவானந்தத்துக்குக் கோபம் வர வேண்டும். "அப்ப எதை வெச்சுப் பாக்கறது? இந்தக் கூத்துக்கா கூப்ட்டேன்?"

"முஸம்மில், பேப்பரக் காட்டுடா."

முஸம்மில் காட்டினான். ஒன்பது தடவைக்கு அவன் ஒன்பது வால்வு போடவில்லை, ஏழுதான் போட்டிருந்தான். நாலாம் நம்பர் வால்வை இரண்டாவது, அஞ்சாவது, ஒன்பதாவது தடவைகளில் திரும்பத் திரும்ப நுழைத்திருந்தான். தேவானந்தத்தின் தோலில் அந்த மூன்று இடத்தில் மட்டும்தான் சி இருந்தது.

புதுச் செலெக்டர் வேலைக்கு வந்தால் தேவானந்தம் வைக்கும் சோதனை அது. பார்த்த தோலையே மறுபடி அடுக்கில் நுழைப்பார். அதே தோலுக்கு முதலில் ஏ, அப்புறம் பி போட்டால் அன்றைக்கே ஆளை அனுப்பிவிடுவார். அப்படி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறார்.

"யாரு சொல்லிக் குடுத்தது இத?"

"வண்டில வரச்சே நான்தான் சொன்னேன்," என்றார் நசீர். "காது இருக்குதுய்யா உனக்கு. போ."

தேவானந்தம் அந்தத் தோல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த மூன்று சி அங்கே இருந்தது. யாரும் அதை அழிக்க முடியாது.

"கணக்கப் பாப்போம்," என்றார்.

"வெள்ள மூணையும் வுட்டுடு. அது செத்ததுன்னு அந்தக் கடைக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான். நான் ஒம்போதுக்குத்தான் காசு குடுத்தேன்."

தேவானந்தம் நிமிர்ந்தார். "தெரியுமா உங்களுக்கு?"

"நீ ஏ போட்டப்பவே தெரியும். அதுக்குத்தான கேட்டுட்டு சொல்லுனு சொன்னேன். நாலு நாள்ல கேட்டுட்டு, பாய், தப்பாப் போச்சுனு வருவ, நல்லா கலாய்ச்சிட்டு வுட்டுடலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல. அப்பறம் சொன்னா நல்லா இருக்காதுனு வுட்டுட்டேன்."

"மூணும் நான் ஏ போட்டது. நான் பாஸ் பண்ண சரக்குக்கு நான்தான் காசு தரணும். செத்ததோ உயிரோட இருக்குதோ, அது என் தலைவலி." எழுந்து போய் நாலாம் நம்பர் வால்வை அதன் துணியில் சுற்றினார். பிளாஸ்திரியில் ஜெபகனி எழுதிய சி அப்படியே இருந்தது. அன்றைக்கு அவர் தரம் பிரித்ததில் அது ஒன்றுதான் சரியாக அமைந்திருந்தது. "இது பிடிக்கல. பசந்துல பிடிக்காதது திரும்பும். இந்தாங்க. பதினோரு வால்வு, ஆயிரத்து அறுநூத்தம்பது."

"இருவத்தாறு வருஷம் கழிச்சும் நூத்தம்பது கொறைக்கறான் பாருடா," என்று நசீர் முஸம்மிலிடம் சொன்னார். ஆனால் வால்வை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தேவானந்தம் பீரோவிலிருந்து நூறு ரூபாய்க் கட்டை எடுத்து வந்தார்.

"சார், ஜிபேல போட்டுடலாமே," என்றான் முஸம்மில்.

"நீ சும்மா இருடா."

நசீர் வலது கையை நீட்டினார். பச்சைத் தோலும் உப்பும் ஐம்பது வருஷம் அறுத்த உள்ளங்கை. வெட்டுகள் ஆறி வெள்ளைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் தேவானந்தத்தின் கண் வழக்கம் போலக் கீறல்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டது.

"காசு வாங்கிட்டா இனிமே கல்யாணத்துல உன்ன இன்னா சொல்லி அறிமுகப்படுத்தறது?" என்றார் நசீர். கையை மட்டும் மடக்கவில்லை.

"செலெக்டர்னு சொல்லுங்க. போதும்."

ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லி முதல் நோட்டை வைத்தார். இரண்டு. மூன்று. பிளாஸ்திரி ஒட்டிய விரல்களுக்கு நோட்டு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, ஓரத்தை வெளிச்சத்துக்குக் காட்டி வைத்தார். ஒன்பது என்று சொன்னபோது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு விழுந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. நசீர் இடது கையின் கட்டைவிரலால் அதைத் தள்ளிப் பிரித்துக் காட்டினார். தேவானந்தம் பார்த்தார்.

"பத்து," என்றார். பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து, பதினாறு வரை வைத்துவிட்டு, சட்டைப் பையில் தேடி ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.